படலையில் ஒட்டிய சிவப்பு

என் மடைத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரும் அதைக் கண்டுபிடித்துப் பெயர் எடுக்க வேண்டாம். 'பொதுமக்களின் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன' என்று அரசாங்கம் பத்திரிகையில் ஓர் அறிவித்தல் போட்டது. அதை நான் நம்பிவிட்டேன்.

வாழ்நாள் முழுக்க அதே அரசாங்கத்தில் சம்பளம் எடுத்தவன் நான். அப்படிப்பட்ட அறிவித்தல்களைச் சந்தியிலும் சந்தையிலும் பசை பூசி ஒட்டியவனும் நான்தான். கருத்துச் சொல்லலாம் என்றால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். அது தெரிந்த மூளை, ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மேசையில் கொப்பியை விரித்துப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதியதைத் திருத்தினேன். திருத்தியதை மறுபடி எழுதினேன். கடைசியில், கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போவதற்காக வெள்ளைச் சேட்டை நானே அயன் பண்ணிக்கொண்டு நின்றேன்.

"ஆருக்குக் கலியாணம்?" என்று மனுசி கேட்டாள்.

"அரசாங்கம் என்ரை கருத்தைக் கேட்டிருக்கு."

அவள் சேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இந்த வீட்டிலையே ஒருத்தரும் கேக்கிறேல்லை," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகன். அந்த நீளம் சனங்களின் வாயில் நுழையாது. முகத்துக்கு முன்னால் 'பி.எச்.ஐ. ஐயா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கக்கூஸ் ஐயா'. இரண்டும் உண்மைதான். வலிகாமத்தில் நான் எட்டிப் பார்க்காத கிணறும் இல்லை, மூக்கைப் பொத்தாத கக்கூசும் இல்லை. எனக்குப் பெண் பார்த்த காலத்தில், மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று பெண் வீட்டார் கேட்டபோது, தரகர் "அரசாங்க உத்தியோகம்" என்று சொல்லி, அடுத்த கேள்வி வருவதற்குள் தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். அப்படித்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.

எங்கள் சங்கம் வருடாவருடம் ஒரு மலர் வெளியிடுகிறது. அதன் ஆசிரியர் எனக்கு இளைய பரிசோதகர். "அண்ணை, சேவைக்காலத்திலை நடந்த இனிமையான அனுபவம் ஒண்டு எழுதித் தாங்கோ," என்று தொலைபேசியில் கேட்டார். இனிமையானது ஒன்றும் கைவசம் இல்லை. கோபம் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தருகிறேன். பக்கம் காணாவிட்டால் வாழ்த்துச் செய்திகளில் ஒன்றிரண்டை வெட்டிவிடட்டும்.

விஷயம் இதுதான். அரசாங்கம் பெரியதொரு சுகாதார ஆய்வு நடத்தப்போகிறது. வீடு வீடாக வருவார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் என்ன வருத்தம், எவ்வளவு காலமாக, என்ன மருந்து, மனநோய் உண்டா, உயிரை மாய்க்க முயன்றதுண்டா என்று கேட்பார்கள். பதிலைப் பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும் கையடக்கக் கருவியில் பதிந்து ஒரே இடத்தில் சேர்த்து வைப்பார்கள். கேள்வி கேட்கும்போது கிராம அலுவலர் பக்கத்தில் நிற்பார். இந்தத் திட்டத்தின் வரைவைத்தான் வெளியிட்டு, கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஆய்வே வேண்டாம் என்கிற ஆள் அல்ல நான். எண்ணிச் சொல்லாவிட்டால் மருந்து வராது. கொழும்பில் இருப்பவருக்கு எங்கள் ஊர் இருமல் கேட்காது. எண்ணிக்கையைச் சொன்னால்தான் கேட்கும். அதற்காகவே எத்தனையோ வீட்டு வாசற் படலை தட்டி, எத்தனையோ நாய்க்குக் கெண்டைக்காலைக் கொடுத்தவன். ஆகவே வரைவை நல்லெண்ணத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். தமிழாக்கம் செய்தவர் எந்த ஊரோ, 'உமது இல்லத்தில் தானே கழுவிச் செல்லும் மலசலகூடம் உண்டா?' என்று ஒரு கேள்வி போட்டிருந்தார். அப்படித் தானாகக் கழுவிக்கொண்டு போகிற ஒன்று இருந்தால் எங்கள் வீட்டுக்கும் அனுப்பிவைக்கும்படி ஓரத்தில் எழுதினேன். அதுவரைக்கும் சிரிப்புத்தான்.

கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட வந்தபோது சிரிப்பு நின்றது. 'ஆய்வு நிறைவுற்ற இல்லங்களின் நுழைவாயிலில் ஒட்டி ஒன்று இடப்படும். தொடர் கவனிப்புத் தேவைப்படும் இல்லங்களுக்கு வேறு நிற ஒட்டி இடப்படும்.'

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். இதே வசனத்தை இன்னொரு காலத்தில், இன்னொரு சுற்றறிக்கையில் படித்திருக்கிறேன். அது என்ன செய்தது என்றும் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் வேலைக்குப் புதுசு. தெற்கே ஒரு பயிற்சி நிலையத்தில் எனக்குப் படிப்பித்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஈ இலையான் எங்கே முட்டையிடும், இறைச்சியில் எந்த முத்திரை கள்ளம், கிணற்றுக்கும் கக்கூசுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு குளோரின். இவ்வளவையும் படித்து, சிங்களத்தில் சோறு கேட்கவும் பழகிக்கொண்டு, தொப்பியும் சைக்கிளுமாகக் கோப்பாயில் வந்து இறங்கினேன். மனிதரிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று அங்கே ஒருவரும் படிப்பிக்கவில்லை. அதைப் படிப்பிக்க அருளம்பலத்தார் இருந்தார்.

அவர் எங்கள் மேற்பார்வைப் பரிசோதகர். ஒல்லி, நெடுவல். எப்போதும் கையில் ஒரு குடை. மழைக்கு விரிக்கமாட்டார், வெயிலுக்கும் விரிக்கமாட்டார். நாய் வந்தால் மட்டும் விரிப்பார். சிரிப்பு வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபம் வந்தாலும் அதே துடைப்புத்தான். எது எதுவென்று பிரித்தறிய எனக்கு வெகுகாலம் எடுத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டு வரும். இன்ன ஒழுங்கையில் இன்ன வீட்டில் ஒருவருக்கு இன்ன தொற்றுநோய் கண்டிருக்கிறது என்று இருக்கும். நாங்கள் அந்த வீட்டுக்குப் போய், மருந்து ஒழுங்காகக் குடிக்கிறாரா, வீட்டில் வேறு யாருக்கும் அறிகுறி உண்டா என்று பார்க்கவேண்டும். முதல் துண்டு கிடைத்ததும் சைக்கிளை மிதித்து நேரே போய் முடித்துவிட்டு, மெச்சுவார் என்ற நினைப்பில் அவருக்கு முன்னால் நின்றேன்.

"சைக்கிளை எங்கை விட்டனீர்?" என்று கேட்டார்.

"வேலியோடை சாத்தினனான், ஐயா."

"ஆரின்ரை வேலி?"

"அந்த வருத்தக்கார வீட்டு வேலிதான்."

கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப ஒழுங்கைக்கே சொல்லிப்போட்டீர். இனி நீர் உள்ளுக்குப் போனாலென்ன, போகாட்டிலென்ன?"

அடுத்தமுறை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிளைத் தேத்தண்ணீர்க் கடையில் விட்டோம். ஒழுங்கையின் முதல் வீட்டில் தொடங்கினோம். படலைக்கு வெளியே நின்று "வீட்டுக்காரர்!" என்று குரல் கொடுப்பார். கிணற்றுக்குக் குளோரின் போட வந்ததாகச் சொல்வார். கிணற்றைப் பார்ப்பார், கக்கூசைப் பார்ப்பார், ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார், அடுத்த வீடு. எல்லா வீட்டிலும் அதே நேரம், அதே கேள்வி. வருத்தக்காரர் இருந்த வீட்டிலும் அப்படியேதான். அங்கே மட்டும் வாளியைத் தானே வாங்கிக் கிணற்றில் விடுவார். கப்பி கிறீச்சிடத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்குள் வைத்துத்தான், வாளியைப் பார்த்தபடி, கேட்கவேண்டியதைக் கேட்பார். "குளிசை குடிக்கிறியளோ? வயித்தைப் பிரட்டுதோ? சின்னவளுக்கு இருமல் ஏதும்?" வாளி மேலே வருவதற்குள் பதிலும் வந்துவிடும். பிறகு மிச்ச வீடுகளுக்கும் போவோம். ஒன்றுக்கும் விதிவிலக்கு இல்லை. எழுத்தெல்லாம் தேத்தண்ணீர்க் கடையில் வந்திருந்துதான். அதிலும் பெயர் இருக்காது.

"ஒரு வருத்தக்காரருக்காக இவ்வளவு கக்கூசும் பாக்கோணுமோ, ஐயா?" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டேன்.

"வருத்தக்காரர் ஒராள்தான். அவரைப் பற்றிக் கதைக்கிற வாய் எத்தினை கிடக்கெண்டு பாத்தீரோ?"

அது பெயர் எழுதுகிறவனைக் கண்டாலே சனம் பயந்த காலம். வீட்டு வாசலில் குடும்பமாக நிற்கவைத்து இராணுவத்தினர் படம் எடுத்தார்கள். பெயர்களைப் பதிந்தார்கள். பதிந்த பெயரை வைத்துக்கொண்டு பிறகு தேடியும் வந்தார்கள். எங்கள் கொப்பி வருத்தத்துக்கு, மற்றவர்களின் கொப்பி வேறொன்றுக்கு என்று சனத்துக்குப் பிரித்து விளங்கப்படுத்த ஏலாது. அவர்களுக்குக் கொப்பி என்றால் கொப்பிதான்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வீடு வீடாக நோய்க் கணக்கெடுப்பு. எடுப்பது நாங்கள் அல்ல, நாட்சம்பளத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்கள். கணக்கெடுத்து முடிந்த வீட்டுப் படலையில் பச்சை ஸ்ரிக்கர். திரும்பவும் போகவேண்டிய வீடென்றால் சிவப்பு. இரண்டாம் முறை வந்து பார்க்கும்வரை கழற்றக்கூடாது, கழற்றினால் தண்டனை. அருளம்பலத்தார் உடனே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். இது விஞ்ஞான முறைப்படி வகுக்கப்பட்ட திட்டம் என்று பதில் வந்தது.

இனிச் சொல்லப்போகும் வீட்டின் ஊரை மாற்றியிருக்கிறேன். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். வருத்தத்தின் பெயரைச் சொல்லவே போவதில்லை. ஒழுங்காக மருந்து குடித்தால் முற்றாக மாறிவிடும், மருந்து தொடங்கிச் சில காலத்தில் தொற்றவும் தொற்றாது. ஆனால் பெயரைக் கேட்டாலே ஆட்கள் கதிரையைத் தள்ளிப் போடுவார்கள். அவ்வளவு தெரிந்தால் காணும்.

வருத்தம் வந்த பிள்ளையின் பெயர் வசந்தி என்று வைப்போம். வெங்காயமும் புகையிலையும் செய்கிற தோட்டக்காரக் குடும்பம். மருந்து முடியும் தறுவாயில் இருந்தாள். கப்பிச் சத்தத்துக்குள் அவளோடு கதைத்துக் கதைத்து அந்தக் கட்டம்வரை கொண்டுவந்தது அருளம்பலத்தார்தான். அரியாலையில் ஒரு இடத்தில் கலியாணமும் பேசி, பெரும்பாலும் சரிவந்துவிட்டது.

கணக்கெடுக்கிறவர்கள் அந்த ஒழுங்கைக்கு வந்தார்கள். படலையில் நின்று, கிராம அலுவலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாருக்கும் இன்ன இன்ன நோய் உண்டா என்று கேட்டார்கள். தகப்பனார் சூதுவாது தெரியாத மனிதர். அரசாங்கம் கேட்கிறது, உள்ளதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தார், சொன்னார். படலைத் தூணில் சிவப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஒழுங்கையில் மற்ற எல்லாம் பச்சை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நாள் பார்க்கிற விஷயமாக வந்தவர், படலையடியில் சைக்கிளை விட்டு இறங்கினார். சிவப்பைப் பார்த்தார். முன்னால் இருந்த கடையில் போய், இது என்ன நிறம் என்று விசாரித்தார். கடைக்காரர் நல்ல மனிதர், கேட்டதற்கு மேலேயே சொன்னார். மாமன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உள்ளே மேசையில் அவருக்காகப் பலகாரம் எடுத்துத் தட்டால் மூடி வைத்திருந்தார்களாம்.

அடுத்த நாள் தகப்பனார் எங்கள் கந்தோருக்கு வந்தார். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. சத்தம் போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஐயா, உதைக் கழட்டலாமோ?" என்று மட்டும் கேட்டார்.

"கழட்ட ஏலாது. கழட்டினால் உங்களைத்தான் பிடிப்பினம்," என்றார் அருளம்பலத்தார்.

"நான் பொய் சொல்லியிருக்கோணும் என்ன? பொய் சொல்லியிருந்தால் என்ரை பிள்ளைக்கும் பச்சை ஒட்டியிருப்பினம்."

இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை. உண்மை சொன்னவருக்குச் சிவப்பு, மறைத்தவருக்குப் பச்சை. நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட திட்டம், நோயை ஒளிக்கச் சனத்துக்கு வீடு வீடாகப் போய்ப் படிப்பித்துவிட்டு வந்தது. இதற்குப் பெயர் விஞ்ஞான முறை.

அவர் போன பிறகு அருளம்பலத்தார் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அது கோபத்துடைப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் திட்டமாகத் தெரிந்தது.

"சிவப்பு எவ்வளவு மிச்சம் கிடக்கு?" என்று கேட்டார்.

"கட்டுக்கட்டாக் கிடக்கு, ஐயா. பெட்டியோடை வந்தது."

"பசை காய்ச்சும்."

காலையில் பசை வாளியை நான் தூக்கினேன், ஸ்ரிக்கர் கட்டை அவர் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒழுங்கையின் முதல் வீட்டில் தொடங்கி, பச்சைக்கு மேல் சிவப்பு. அடுத்த வீடு, சிவப்பு. அதற்கடுத்தது, சிவப்பு. கடைக்காரரின் கடைக்கும் ஒன்று. கிராம அலுவலரின் வீட்டுக்கு நல்ல பெரிதாகத் தெரிகிற இடத்தில் ஒன்று. ஒழுங்கை முடிந்ததும் அடுத்த ஒழுங்கை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "கிணறு திரும்பப் பாக்கோணும்."

எல்லோரும் பேசாமல் விட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். சந்திக்குக் கிட்ட ஒரு சட்டத்தரணியின் மாடி வீடு. இரும்புக் கேற். நான் பசையைப் பூச, மனிதர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன உது? எங்கடை வீட்டிலை ஆருக்கு வருத்தம்? நான் வழக்குப் போடுவன், தெரியுமோ?"

அருளம்பலத்தார் குடையால் வளவுக்குள் சுட்டிக் காட்டினார். "உங்கடை கக்கூஸ் கிணத்துக்குக் கிட்டக் கிடக்கு. வழக்குப் போட்டால் நானும் சாட்சிக்கு வாறன்."

சட்டத்தரணி கிணற்றைப் பார்த்தார், கக்கூசைப் பார்த்தார். "கொஞ்சம் பாத்து ஒட்டுங்கோ, கேற்றிலை பெயின்ற் போகும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியாக அருளம்பலத்தாரின் சொந்த வீடு. அவர் படலையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்து, "சரிஞ்சு கிடக்கு. நேரா ஒட்டும்," என்றார். திருப்பி நேராக ஒட்டினேன்.

என் வீட்டுக்கு நான் தனியாக ஒட்டத் தேவை இருக்கவில்லை. நாள் முழுக்கப் பசையோடு மாரடித்ததில் ஒரு சிவப்பு என் முதுகில் ஒட்டிக்கொண்டு, நான் அதோடேயே ஊருக்குள்ளால் சைக்கிள் ஓடி வந்திருக்கிறேன். மனுசி அதைப் பார்த்துவிட்டு, "முதல் தரமா அரசாங்கம் சரியான இடத்திலை ஒட்டியிருக்கு," என்றாள்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு அருளம்பலத்தார் எழுதிய பதிலைத் தட்டச்சு செய்தவன் நான், அதனால் நினைவிருக்கிறது. 'திரும்பவும் செல்லவேண்டிய வீடுகளைக் குறிக்கும்படி பணித்திருந்தீர்கள். என் அபிப்பிராயத்தில் எல்லா வீடுகளும் திரும்பவும் செல்லவேண்டிய வீடுகளே.' அவரைத் தீவுப் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான். குடையோடு வள்ளத்தில் ஏறிப் போனார். போகும்போதும் அதை விரிக்கவில்லை.

இது சினிமாப் படம் என்றால் அந்த அரியாலைக் குடும்பம் மனம் மாறித் திரும்பி வந்திருக்கும். வரவில்லை. ஆனால் ஒழுங்கை முழுக்கச் சிவந்த பிறகு, வசந்தி வீட்டைத் தனியாகக் காட்டிக் கதைக்க ஊருக்கு வழி இல்லாமற் போயிற்று. மருந்தை முடித்தாள். சில வருடம் கழித்து வேறொரு ஊரில், பழையது ஒன்றும் தெரியாத இடத்தில், கலியாணம் செய்து போனாள். அவளுடைய புருஷனுக்குக்கூட அந்த வருத்தக் கதை தெரியுமோ என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இவ்வளவும் தலைக்குள் இருக்க, வெள்ளைச் சேட்டோடு கூட்டத்துக்குப் போனேன். யாழ்ப்பாண நகரத்தில் குளிரூட்டிய மண்டபம். நிறையக் கதிரை, குறைவான ஆட்கள். வந்தவர்களிலும் சிலர் வேறு கூட்டத்துக்கு வந்து மண்டபம் மாறியவர்கள். சிற்றுண்டி நன்றாக இருந்தபடியால் எழும்பவில்லை. திட்டத்தை விளக்க வந்த அதிகாரி எங்கள் ஊர்ப் பெடியன்தான். வெளிநாட்டில் படித்தவர், நல்ல மரியாதை. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வண்ணப் படங்கள் ஓடின. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழும்பி ஸ்ரிக்கரைப் பற்றிச் சொன்னேன். பெயரில்லாமல், ஊரில்லாமல், நடந்ததைச் சொன்னேன்.

"அங்கிள், உது பழைய காலத்துக் கதை," என்றார் பெடியன். "இப்ப டேட்டா எல்லாம் என்கிரிப்ட் பண்ணிறம். ஒருத்தராலையும் வாசிக்கேலாது."

"தம்பி, படலையிலை ஒட்டிற சிவப்பை எப்பிடி என்கிரிப்ட் பண்ணுவியள்?"

"சிவப்பில்லை அங்கிள், செம்மஞ்சள்."

இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டுப் பிழைத்தவன், பகிடி எது, பகிடி இல்லாதது எது என்று எனக்குத் தெரியும்.

பின் வரிசையிலிருந்து காதர் நானா எழும்பினார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியபோது உடுத்த சாறத்தோடு போய், புத்தளத்தில் அரைவாசி ஆயுளைக் கழித்துவிட்டு, திரும்பி வந்து நகரத்தில் இரும்புக் கடை வைத்திருப்பவர். "மகன், எங்களுக்கு இஞ்சை ஒரு லிஸ்ற், புத்தளத்திலை ஒரு லிஸ்ற். வெளியேத்தேக்கையும் லிஸ்ற், திரும்பி வரேக்கையும் லிஸ்ற். கிளினிக்கிலை மருந்து எண்டு கேட்டா மட்டும் ரெண்டிலயும் பேரில்லை. உங்கடை செம்மஞ்சளை நீங்க எந்த வீட்டிலை ஒட்டப்போறீங்க?"

சிலர் கைதட்டினார்கள். பெடியன் குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, மிகவும் பணிவாகச் சொன்னார்.

"அங்கிள், நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். ஆனா சும்மா சொன்னா 'பொதுவான அபிப்பிராயம்' எண்டுதான் போடுவினம். பாதிக்கப்பட்ட ஆள் தானே எழுதித் தந்தால் 'ஆதாரமுள்ள கருத்து'. அப்ப கட்டாயம் அதைக் கவனிச்சுப் பதில் சொல்லோணும். பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் இருக்கோணும். வெள்ளிக்கிழமையோடை பதிவு முடியுது."

"எழுதினதை என்ன செய்வியள்?"

"இணையத்தளத்திலை போடுவம், அங்கிள். எல்லாரும் பாக்கலாம். வெளிப்படைத்தன்மை."

நீங்கள் இதை இன்னொருமுறை படியுங்கள், நானும் வழியெல்லாம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் படித்தேன். வருத்தக்காரரின் பெயரை வெளியே விடாதீர்கள் என்று சொல்வதற்கு, வருத்தக்காரர் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்து, உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் தொங்கவிடவேண்டும். சுட்டதைச் சொல்ல மறுபடி அடுப்புக்குள் கை வைக்கச் சொல்கிறார்கள். நான் வேலை செய்த காலத்தில் முட்டாள்தனமான சுற்றறிக்கைகள் வந்தன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை எங்களிடம் கருத்துக் கேட்கவில்லை. அந்தளவுக்கு அவற்றில் ஒரு நேர்மை இருந்தது.

இவ்வளவு கோபம் வந்த ஆள் அடுத்து என்ன செய்திருக்கவேண்டும்? வீட்டுக்குப் போய்ச் சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கவேண்டும். நான் வசந்தியைத் தேடிப் போனேன்.

கோபத்தில் இருக்கிறவனுக்குத் தான் செய்வதெல்லாம் நியாயமாகத்தான் தெரியும். ஒரேயொரு சொல், அவள் வாயால் வந்தால் போதும், அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிப்பித்துவிடலாம். இன்னும் எத்தனை படலைகள் தப்பும்! இப்படி எனக்கு நானே சொற்பொழிவு நிகழ்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். நேரே அவளுடைய வீட்டுக்கே போய் நின்றேன்.

முற்றத்தைப் புதிதாகச் சீராக்கிச் சிவப்பு மண் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் பந்தல் தடிகள் குவிந்து கிடந்தன. அவள் பாயில் மிளகாய் பரவிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்ததும் என்னை அடையாளம் கண்டுவிட்டாள். கண்டுகொண்ட விதத்தைப் பார்த்த உடனேயே நான் திரும்பியிருக்கவேண்டும்.

"பி.எச்.ஐ. ஐயாவோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. சுகமாய் இருக்கிறியோ?"

"இருக்கிறன் ஐயா. மூத்தவளுக்கு வாற மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் இப்ப வருவினம், பந்தல் அளக்க."

"நல்லது, நல்லது," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. ஆய்வைச் சொன்னேன், ஸ்ரிக்கரைச் சொன்னேன், செம்மஞ்சளைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். "அண்டைக்கு உன்ரை அப்பருக்கு நடந்தது இனி ஒருத்தருக்கும் நடக்கக்கூடாது, பிள்ளை. நீ ரெண்டு வரி எழுதித் தந்தால் காணும்."

மிளகாயைப் பரவின கை அப்படியே நின்றது. "பேரோடையோ?"

"பேரோடைதான். அப்பிடித்தான் எடுப்பினமாம்."

அவள் என் தோளுக்கு மேலால் ஒழுங்கையைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். முன் வீட்டுப் பெண், விளக்குமாறும் கையுமாகத் தன் படலைக்கு வெளியே வந்து நின்றாள். பல்லெல்லாம் சிரிப்பு.

"ஆர் வசந்தியக்கா, எங்கடை பழைய பி.எச்.ஐ. ஐயாவே? நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை கோப்பாயிலை எங்கடை வீட்டுக்கும் வந்தவர். என்ன, கலியாண வீட்டிலை ஆருக்கும் வருத்தமோ?"

வசந்தி சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே எழும்பி, சேலையை உதறிக்கொண்டு படலைவரை என்னோடு நடந்து வந்தாள். ஒழுங்கை முனையில் மாப்பிள்ளை வீட்டாரின் வான் திரும்பியது. அவளுடைய முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல்தான் இறங்கியது.

"ஆரும் கேட்டால், வழி தெரியாமல் வந்தனான் எண்டு சொல்லுங்கோ."